பனி நாளில் முடியும் வேலைகள்: எச்சமும் முற்றும்



‘பனிக்காலத்தில் ஒரு நாள்’ என்று படம் கொடுத்து எழுதச் சொன்னால் நம் மாணவர்கள் என்ன எழுதுவார்கள் என்பது உங்களுக்கே தெரியும். பனிமனிதன் செய்தோம், பனிப்பந்து எறிந்து விளையாடினோம், சூடான சாக்லெட் குடித்தோம். அத்தோடு கட்டுரை முடிந்துவிடும். பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. ஆண்டு முழுக்க வெயிலும் மழையும் மட்டுமே பார்க்கிற நாட்டில், திரைப்படத்தில் பார்த்ததைத்தானே எழுதுவார்கள்?

ஆனால் கொஞ்சம் யோசிக்கிற மாணவர் ஒரு கேள்வி கேட்பார்: “டீச்சர், வெளிய போகவே முடியலன்னா வீட்டுல நாள் முழுக்க என்னதான் பண்ணுவாங்க? போர் அடிக்காதா?”

நல்ல கேள்வி. இந்தக் கட்டுரை அதற்கான பதில்தான். சுருக்கமாகச் சொன்னால், கைவேலை செய்வார்கள். இன்னும் சரியாகச் சொன்னால், பாதியில் நின்றுபோன கைவேலையை எடுத்து முடிப்பார்கள். அது எப்படி நடக்கிறது, அதற்குப் பின்னால் என்ன வரலாறு இருக்கிறது, தமிழ் வகுப்பில் அதை எப்படிப் பயன்படுத்தலாம் என்று வரிசையாகப் பார்ப்போம்.

முதலில், எந்தப் பனி?

பாடத்தைத் தொடங்கும் முன் இந்தச் சொல்லைத் தெளிவாக்கிவிடுங்கள். நம் இலக்கணம் சொல்லும் ஆறு பெரும்பொழுதுகளில் முன்பனி (மார்கழி, தை), பின்பனி (மாசி, பங்குனி) என்று இரண்டு உண்டு. அங்கே ‘பனி’ என்பது விடிகாலையில் புல்லில் நிற்கும் ஈரம், வயலை மூடும் மூட்டம். வானத்திலிருந்து பஞ்சுபோல் விழுந்து கூரையை மூடுகிற வெண்பனியையும் நாம் அதே சொல்லால்தான் அழைக்கிறோம். அதனால் மாணவர்களுக்குக் குழப்பம் வரும்.

பலகையில் இப்படிப் பிரித்து எழுதிக் காட்டலாம்: பனித்துளி, பனிமூட்டம், உறைபனி, பனிப்பொழிவு, பனிப்புயல், பனிக்கட்டி. கேமரன் மலையில் நம் பிள்ளைகள் பார்த்தது பனிமூட்டம். நாம் இங்கே பேசப்போவது பனிப்பொழிவும் பனிப்புயலும். இந்த ஆறு சொற்களையும் வேறுபடுத்திச் சொல்லத் தெரிந்தாலே பாதிக் கட்டுரை தெளிவாகிவிடும்.

ஐஸ்லாந்து: நாலு மணி நேரப் பகல்

பனி பெய்யும் நாடுகள் பல. எல்லாவற்றையும் கலந்து பேசினால் எதுவும் மனசில் நிற்காது. அதனால் ஐஸ்லாந்தை எடுத்துக்கொள்வோம்.

வடதுருவ வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே உள்ள தீவு நாடு அது. தலைநகர் ரெய்க்யாவிக்கில் டிசம்பர் 21 வாக்கில் காலை 11 மணிக்கு மேல்தான் சூரியன் உதிக்கும். மாலை மூன்றரை மணிக்கெல்லாம் மறைந்துவிடும். பகல் என்பது ஏறக்குறைய நாலு மணி நேரம்தான். மாணவர்களுக்கு இதைச் சொல்லும்போது நம் பள்ளி நேரத்தோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள். நீங்கள் பள்ளிக்கு வரும்போதும் இருட்டு, இடைவேளை மணி அடிக்கும்போதும் இருட்டு. ‘அய்யோ’ என்பார்கள். அப்போதுதான் குளிர்காலம் என்றால் என்ன என்று புரியத் தொடங்கும்.

ஒன்பதாம் நூற்றாண்டில் நார்வே பக்கமிருந்து மக்கள் அங்கே குடியேறியபோது ஆடுகளையும் கொண்டுபோனார்கள். அந்த ஆட்டின் ரோமத்தில் இரண்டு அடுக்கு உண்டு. வெளி அடுக்கு நீளமாக, முரடாக இருக்கும். மழைநீர் எளிதில் உள்ளே இறங்காது. உள் அடுக்கு குட்டையாக, மிருதுவாக இருக்கும். சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பருத்தி விளையாத, மரமும் அதிகமில்லாத அந்த நாட்டில் இந்தக் கம்பளிதான் உடை. அதுவே வியாபாரச் சரக்காகவும் இருந்தது. கையால் பின்னிய காலுறைகளும் கையுறைகளும் பல நூற்றாண்டுகள் வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாயின.

ஆகவே, பனிக்காலக் கைவேலை பொழுதுபோக்காகத் தொடங்கவில்லை. கோடையில் புல் அறுத்து உலர்த்த வேண்டும், ஆடு மேய்க்க வேண்டும், மீன் பிடிக்க வேண்டும். உட்கார்ந்து பின்ன நேரம் ஏது? பனி விழுந்து வெளி வேலை குறைந்த பிறகுதான் கைக்கு அந்த நேரம் கிடைத்தது.

ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் பின்ன

பழைய ஐஸ்லாந்துப் பண்ணை வீடுகள் புல்மண் கட்டிகளால் கட்டப்பட்டவை. அந்த வீட்டில் ‘பாத்ஸ்டோவா’ என்று ஒரு நீளமான அறை இருக்கும். படுப்பதும் உண்பதும் வேலை செய்வதும் எல்லாம் அங்கேதான். சுவரோரம் கட்டில்கள். வீட்டுக்காரர், பிள்ளைகள், பண்ணை வேலையாட்கள் என்று எல்லாரும் தத்தம் கட்டிலில் உட்கார்ந்து வேலை செய்வார்கள். ஒருவர் ரோமத்தைச் சிக்கெடுத்து வாருவார். இன்னொருவர் நூற்பார். மற்றவர்கள் பின்னுவார்கள். இது பெண்கள் வேலை என்று ஒதுக்கப்படவில்லை. ஆண்களும் பின்னினார்கள், பிள்ளைகளும் சின்ன வயதிலேயே கற்றுக்கொண்டார்கள்.

இலையுதிர் காலத்தில் தொடங்கி வசந்தம் வரை இந்த மாலை வேலை நடக்கும். இதற்கு ‘க்வோல்ட்வாக்கா’ என்று பெயர். மாலை விழிப்பு என்று பொருள் சொல்லலாம். நமக்கு முக்கியமான செய்தி இனிமேல்தான் வருகிறது. எல்லாரும் பின்னிக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் விளக்கருகே உட்கார்ந்து சத்தமாக வாசிப்பார். சாகா எனப்படும் பழைய வீரக் கதைகள், ரீமுர் எனப்படும் கதைப் பாடல்கள், கடைசியில் சமய நூல். பாடலை ராகம் போட்டுச் சொல்வதும் உண்டு. மீனெண்ணெய் விளக்கின் மங்கிய வெளிச்சம் வாசிப்பவருக்குத்தான் அதிகம் தேவை. பின்னுகிற விரல்களுக்குப் பழக்கமே கண்.

யோசித்துப் பாருங்கள். பள்ளிக்கூடங்கள் பரவலாக இல்லாத காலம் அது. இந்த அறையில்தான் பிள்ளைகள் மொழியைக் கேட்டார்கள், கதையைக் கேட்டார்கள், பலர் எழுத்தையும் கற்றுக்கொண்டார்கள். கை ஒரு வேலையில் இருக்கும்போது காது நன்றாகத் திறந்திருக்கும். பூ கட்டிக்கொண்டே கதை கேட்ட பாட்டிமார்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் நிரூபித்துக் காட்ட வேண்டியதில்லை.

கெடு வைத்த பூனை

நேரம் இருந்தால் மட்டும் வேலை முடிந்துவிடுமா? முடியாது என்பது நமக்குத் தெரியும். விடுமுறை தொடங்கும்போது எத்தனை வேலைகளைப் பட்டியல் போடுகிறோம்! வேலை முடிய ஒரு கெடு வேண்டும்.

ஐஸ்லாந்துக்காரர்களுக்கு அந்தக் கெடு கிறிஸ்துமஸ். அதைக் காவல் காக்க ஒரு பூனையும் இருந்தது. ‘யோலா பூனை’ என்று மாணவர்களுக்குச் சொல்லலாம். வீட்டைவிடப் பெரிய பூனை. கிறிஸ்துமஸ் இரவில் பனியில் சுற்றி வரும். புதுத்துணி ஒன்றாவது கிடைக்காதவர்களைப் பிடித்துத் தின்றுவிடும் என்பது கதை.

ஏன் புதுத்துணி? இலையுதிர் காலத்தில் சேர்ந்த கம்பளியைக் கிறிஸ்துமஸுக்குள் நூற்று, பின்னி, முடிக்க வேண்டும். வேலையில் பங்கெடுத்தவர்களுக்குப் புது உடை கிடைக்கும். சோம்பி உட்கார்ந்தவர்களுக்குக் கிடைக்காது. பூனைக் கதையைப் பலரும் இப்படித்தான் விளக்குகிறார்கள். இன்றும் டிசம்பரில் ரெய்க்யாவிக் நகர மையத்தில் விளக்குகளால் ஆன பிரம்மாண்டமான பூனை உருவம் ஒன்றை நிறுத்தி வைக்கிறார்கள். பிள்ளைகள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பயம் போய்விட்டது, கெடு மட்டும் மனசில் நிற்கிறது.

நம் வீடுகளிலும் தீபாவளிக்கு முதல் நாள் இரவு தையல் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும் அல்லவா? “பட்டன் மட்டும்தான் பாக்கி, குளிச்சிட்டு வந்து போட்டுக்கோ” என்று அம்மா சொல்வார். மாணவர்களுக்கு இந்த ஒப்பீடு உடனே பிடிபடும்.

இன்றைய பனி நாள்: ஒரு ஸ்வெட்டர் எப்படி முடிகிறது?

இப்போது யாரும் புல்மண் வீட்டில் இல்லை. ஐஸ்லாந்தின் பெரும்பாலான வீடுகளைச் சூடாக்குவது பூமிக்கடியிலிருந்து வரும் வெந்நீர். கம்பளி உடையைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். ஆனாலும் பின்னும் பழக்கம் விடவில்லை. புயல் வந்தால் வானிலை மையம் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை விடுக்கும். எச்சரிக்கை கடுமையானால் சாலைகள் மூடப்படும். வெளியே போகத் திட்டமிட்டிருந்தவர் வீட்டிலேயே தங்கிவிடுவார். அலமாரிக்குள் தள்ளி வைத்திருந்த கூடை அப்போதுதான் வெளியே வரும்.

கூடைக்குள் என்ன இருக்கும்? ஒரு கை மட்டும் பின்னிய ஸ்வெட்டர், ஜோடி இல்லாத காலுறை, பொத்தான் வைக்காத மேலாடை. பின்னுபவர்கள் இவற்றுக்கு வேடிக்கையாக ‘யூ.எஃப்.ஓ.’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பறக்கும் தட்டு அல்ல. ‘அன்ஃபினிஷ்ட் ஆப்ஜெக்ட்’ என்பதன் சுருக்கம். முடியாத பொருள்!

அன்றைய நாள் ஏறக்குறைய இப்படிப் போகும்.

முதல் வேலை, பிரித்துப் பார்ப்பது. கூடையைக் கொட்டி, எதை இன்றே முடிக்கலாம், எதற்கு ஒரு வாரம் ஆகும், எதைப் பிரித்து நூலை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று மூன்று குவியலாக வைப்பார்கள். பிரிப்பதும் ஒரு முடிவுதான். அளவு தவறிப்போன உடையைப் பிரித்துச் சுற்றி வைத்தால், அந்த நூல் அடுத்த வேலைக்குக் கைகொடுக்கும்.

அடுத்தது, பகல் வெளிச்சத்தில் செய்ய வேண்டிய வேலைகள். கறுப்பு நூலில் தையல் போடுவது, விட்டுப்போன கண்ணியைத் தேடி எடுப்பது போன்றவற்றுக்கு இயற்கை வெளிச்சம் வேண்டும். நாலு மணி நேரப் பகலில் அதை வீணாக்க மாட்டார்கள். கண் அதிகம் தேவைப்படாத நீண்ட வரிசைகளை இருட்டிய பிறகுக்கு வைத்துக்கொள்வார்கள்.

‘லோபாபெய்ஸா’ என்னும் ஐஸ்லாந்து ஸ்வெட்டரையே எடுத்துக்கொள்வோம். கழுத்தைச் சுற்றி வட்டமாகப் பூவேலைப்பாடு இருக்குமே, அதுதான். பார்த்தால் மிகப் பழமையானதுபோல் இருக்கும். ஆனால் இந்த வட்ட வடிவம் பரவியது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். உடல் ஒரு குழாய், இரண்டு கைகளும் இரண்டு குழாய்கள். மூன்றையும் அக்குளருகே ஒன்றாகச் சேர்த்து, கண்ணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே கழுத்துவரை பின்னிப் போவார்கள். பின்னும்போது பூவேலை வரிசை வரிசையாக மலர்வதைப் பார்ப்பதில் ஒரு குதூகலம் உண்டு.

கழுத்து முடிந்ததும் குதூகலம் முடிந்துவிடும். வேலை முடியாது. அக்குளில் இரண்டு ஓட்டைகள் இருக்கும். அவற்றை ஊசியால் கண்ணிக்குக் கண்ணி இணைக்க வேண்டும். நிறம் மாற்றிய இடங்களிலெல்லாம் நூல் நுனிகள் தொங்கும்; ஒவ்வொன்றையும் உள்பக்கம் நுழைத்து மறைக்க வேண்டும். முன்பக்கம் திறக்கிற உடையாக வேண்டுமானால் இன்னும் ஒரு வேலை உண்டு. குழாயாகப் பின்னிய உடையின் நடுவில் நெருக்கமாக இரண்டு வரிசை தையல் போட்டு, அந்த இரண்டு வரிசைக்கும் நடுவே கத்திரிக்கோலால் மேலிருந்து கீழ்வரை வெட்டிவிடுவார்கள்! பல வாரம் உழைத்துப் பின்னியதைத் தன் கையாலேயே வெட்ட வேண்டும். தையல் சரியாக இருந்தால் ஒரு கண்ணிகூடப் பிரியாது. ஆனாலும் முதல் தடவை வெட்டுகிறவருக்குக் கை நடுங்கும். வெளி வேலையும் விருந்தாளியும் இல்லாத பனி நாள் இதற்குச் சரியான நாள்.

கடைசி வேலை நனைத்து உலர்த்துவது. இளஞ்சூடான நீரில் கொஞ்சம் சோப்புப் போட்டு உடையை ஊறவைப்பார்கள். கசக்கக் கூடாது; கசக்கினால் கம்பளி இறுகிச் சுருங்கிவிடும். முறுக்கிப் பிழியவும் கூடாது. துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்தினால் நீர் போய்விடும். பிறகு தட்டையாக விரித்து, அளவு பார்த்து, இழுத்துச் சரிசெய்து, அப்படியே உலர விடுவார்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரக் கம்பளி தன் பாரத்திலேயே நீண்டுபோகும். உலர ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். அதுவரை மேடுபள்ளமாகத் தெரிந்த கண்ணிகள், உலர்ந்து எடுக்கும்போது ஒரே சீராகப் படிந்திருக்கும். பின்னல் உடையாக மாறுவது இந்த இடத்தில்தான்.

ஏன் பாதியில் நிற்கிறது?

பின்னுபவர்கள் மத்தியில் ‘இரண்டாவது காலுறை நோய்’ என்று ஒரு கேலிப் பேச்சு உண்டு. முதல் காலுறையை ஆசையோடு பின்னுவார்கள். இரண்டாவதைத் தொடவே மாட்டார்கள். ஏன்? முதலாவதில் எல்லாம் புதுசு. குதிகால் எப்படித் திரும்பும், வண்ணம் எப்படி வரும் என்ற ஆவல் இருக்கும். இரண்டாவதில் எல்லாம் தெரிந்துவிட்டது. வேலை மட்டும்தான் மிச்சம்.

நம் வகுப்பில் இதைப் பார்க்காத ஆசிரியர் உண்டா? முன்னுரை பிரமாதமாக இருக்கும். முதல் கருத்து நன்றாக விரியும். மூன்றாவது கருத்து இரண்டே வரி. முடிவுரை, ‘ஆகவே நாம் அனைவரும் பின்பற்றுவோமாக’ என்று எந்தக் கட்டுரைக்கும் பொருந்துகிற ஒரே வாக்கியம். திருத்தி எழுதச் சொன்னால் முகம் வாடிவிடும். மாணவர்களுக்கு எழுத வராது என்று இதைப் பார்த்து நாம் முடிவுகட்டிவிடுகிறோம். பல சமயம் அவர்களுக்கு எழுத வருகிறது. முடிக்கத்தான் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முடிப்பது தனித் திறன். அதற்கென்று தனி வேலைகள் உண்டு, அவற்றைத் தனியாகக் கற்பிக்க வேண்டும். பனி நாட்டுக் கைவேலை நமக்குத் தருகிற பாடம் இதுதான்.

வீட்டு வேலை பள்ளிப் பாடமானது எப்படி?

இந்தத் திறனைப் பள்ளிக்குள் கொண்டுவந்தவர்களில் பனி நாட்டுக்காரர்களும் உண்டு. பின்லாந்தின் தொடக்கக் கல்விக்கு அடித்தளம் போட்டவர் ஊனோ சிக்னேயஸ் (1810–1888). 1866இல் அங்கே வந்த தொடக்கப்பள்ளிச் சட்டத்தில், அவருடைய முயற்சியால் கைவேலை கட்டாயப் பாடமானது. பெஸ்டலோட்ஸி, ஃபுரோபெல் ஆகியோரின் கருத்துகளைப் படித்தவர் அவர். நம் பட்டயப் படிப்பில் தேர்வுக்காக மனப்பாடம் செய்த அதே பெயர்கள்தான்!

அண்டை நாடான சுவீடனில் ஓட்டோ சாலமன் (1849–1907) இதை ஒரு முறையாக வகுத்தார். கோத்தன்பர்க் நகருக்கு அருகே நேஸ் என்னும் இடத்தில், அவருடைய மாமா ஆகஸ்ட் ஆபிரகாம்சனின் பண்ணையில், ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். பல நாடுகளிலிருந்து ஆசிரியர்கள் அங்கே வந்து கற்றுப் போனார்கள். அந்தப் பாடத்தின் பெயர் ‘ஸ்லொய்ட்’. கைத்திறன் என்று பொருள் கொள்ளலாம்.

சாலமன் வைத்த விதிகள் எளிமையானவை. எளியதிலிருந்து கடினமானதற்குப் போக வேண்டும். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போக வேண்டும். செய்யும் பொருள் வெறும் அலங்காரமாக இல்லாமல் வீட்டில் பயன்பட வேண்டும். முக்கியமாக, தொடக்கம் முதல் முடிவு வரை மாணவர் தம் கையாலேயே செய்து முடிக்க வேண்டும். அதனால்தான் முதல் பொருள் கத்தியால் சீவிச் செய்கிற சிறு குச்சியாக இருந்தது. சின்னதாக இருந்தால்தான் முடிக்க முடியும். முடித்த ருசி தெரிந்தால்தான் அடுத்ததைத் தொடுவார்கள்.

இன்றும் சுவீடனிலும் பின்லாந்திலும் கைவேலை கட்டாயப் பாடமாக இருக்கிறது. பையன், பெண் என்ற வேறுபாடு இல்லாமல் மரவேலையும் துணிவேலையும் கற்கிறார்கள். நம் கீழ்நிலைப் படிவங்களில் ஆர்.பி.தி. பாடம் இருக்கிறது. அந்த ஆசிரியரோடு கைகோத்தால், அங்கே செய்த பொருளைப் பற்றி இங்கே தமிழில் எழுதவைக்கலாம்.

எச்சமும் முற்றும்

இப்போது நம் மொழிக்கு வருவோம். தமிழில் ‘முடி’ என்ற சொல்லுக்குக் கட்டுதல் என்றும் பொருள் உண்டு, நிறைவு செய்தல் என்றும் பொருள் உண்டு. கூந்தலை முடிகிறோம், வேலையை முடிக்கிறோம். முடிச்சும் முடிவும் ஒரே குடும்பம். கடைசிக் கண்ணி வழியாக நூலை இழுத்து முடிச்சுப் போடுகிறவர் இரண்டு பொருளிலும் ‘முடிக்கிறார்’.

‘நூல்’ என்ற சொல்லும் அப்படித்தான். இழையும் நூல், புத்தகமும் நூல். பவணந்தி முனிவரின் நன்னூல் பாயிரத்தில் இதை விளக்குகிற ஓர் உவமை உண்டு. சொல்தான் பஞ்சு, புலவர்தான் நூற்கும் பெண், வாய்தான் கை, அறிவுதான் கதிர் என்று அது விரியும். ஐஸ்லாந்து அறையில் ஒருவர் நூலை வாசிக்க மற்றவர்கள் நூலைப் பின்னினார்கள் என்று சொல்லிவிட்டு இந்தப் பாடலைத் திறந்தால், மாணவர்கள் உவமையைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

எல்லாவற்றையும்விட நமக்கு உதவுவது இலக்கணம். முடியாத வினைக்கு நம் இலக்கணம் வைத்த பெயர் எச்சம். முடிந்த வினைக்கு வைத்த பெயர் முற்று. ‘பின்னி’ என்று நிறுத்தினால் கேட்பவர் காத்திருக்கிறார். ‘பின்னிக் கழுவி’ என்றாலும் காத்திருக்கிறார். ‘பின்னிக் கழுவி உலர்த்தி அணிந்தாள்’ என்றால்தான் மூச்சு விடுகிறார். கூடையில் கிடக்கும் ஒற்றைக் காலுறை ஓர் எச்சம். ‘முடிக்காத காலுறை’ என்றால் பெயரெச்சம், அதுவும் எதிர்மறைப் பெயரெச்சம்! வகுப்பில் இப்படிச் சொல்லிப் பாருங்கள். வரையறையை மனப்பாடம் செய்யாத மாணவருக்கும் வேறுபாடு புரிந்துவிடும்.

வகுப்பறைக்கு மூன்று நடவடிக்கைகள்

1. எச்சம் தேடுவோம். கீழே உள்ள மாதிரிப் பத்தியை வாசிக்கக் கொடுங்கள். வினையெச்சங்களுக்கு ஒரு கோடும், வினைமுற்றுகளுக்கு இரண்டு கோடும் போடச் சொல்லுங்கள்.

‘காலையில் எழுந்து சன்னலைத் திறந்தாள். தோட்டமும் வேலியும் மறைந்து எல்லாம் வெள்ளையாக இருந்தன. கூடையை இறக்கி, நூல் நுனிகளை ஒவ்வொன்றாக உள்ளே நுழைத்து, பொத்தான்களை வைத்துத் தைத்தாள். மாலையில் உடையை நீரில் ஊறவைத்து, துண்டில் சுருட்டி அழுத்தி, மேசைமேல் விரித்தாள். இரண்டு நாள் கழித்து அவள் தம்பி அதைப் போட்டுக்கொண்டு பனியில் இறங்கினான்.’

பிறகு, அவர்களுக்குத் தெரிந்த ஒரு கைவேலையைப் பற்றி இதேபோல் எழுதச் சொல்லுங்கள். பூ கட்டுவது, தென்னையோலைத் தோரணம் பின்னுவது, மணி கோப்பது, அங்பாவ் உறையில் விளக்கு செய்வது என எதுவும் ஆகலாம். கோத்து, முடைந்து, முறுக்கி, இழுத்து, மடித்து, நறுக்கி என்று வினைகள் தாமாக வரும். ‘செய்தான், செய்தான்’ என்று ஒரே வினையைச் சுற்றிவருகிற எழுத்துக்கு இது நல்ல மருந்து.

2. வகுப்பில் ஒரு மாலை விழிப்பு. இரண்டு பாடவேளை கிடைக்கும் நாளில் செய்யுங்கள். ஒருவர் ஒரு சிறுகதையைச் சத்தமாக வாசிக்கட்டும். மற்றவர்கள் கயிற்று வளையலோ காகிதப் பூவோ ஏதாவது எளிய கைவேலை செய்யட்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வாசிப்பவர் மாற வேண்டும். முடிந்ததும் கதையைச் சங்கிலித் தொடராகத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். கேட்டல், பேச்சு இரண்டுக்கும் பயிற்சி ஆயிற்று. எப்போதும் கையைத் துறுதுறுவென்று வைத்திருக்கும் மாணவரைக் கவனித்துப் பாருங்கள். என் படிவம் இரண்டு வகுப்பில், கதையின் நுணுக்கமான இடங்களை நினைவில் வைத்துச் சொன்னவர்களில் அப்படிப்பட்ட பிள்ளைகளும் இருந்தார்கள்.

3. முடிக்கும் நாள். தவணைக்கு ஒரு நாள், புதிதாக எதுவும் எழுதக் கூடாது என்று அறிவித்துவிடுங்கள். மாணவர்கள் தங்கள் ஏட்டைப் புரட்டி, பாதியில் நின்ற மூன்று கட்டுரைகளை எடுக்க வேண்டும். கூடையைப் பிரிப்பதுபோல், இன்றே முடிக்கக் கூடியது, நேரம் வேண்டியது, பிரித்துப் பயன்படுத்த வேண்டியது என்று பிரிக்கட்டும். ஒன்றை மட்டும் எடுத்து, கீழே உள்ள பட்டியலைப் பார்த்து முடிக்கட்டும்.

• இரண்டு பத்திகளுக்கு இடையே ஓட்டை இருக்கிறதா? இணைப்பு வாக்கியம் போடுங்கள்.
• தொங்கும் நுனி உண்டா? சொல்லத் தொடங்கி விட்டுவிட்ட கருத்தைத் தொடருங்கள், அல்லது நீக்குங்கள்.
• வெட்ட வேண்டிய இடம் எது? பிடித்த வாக்கியமாக இருந்தாலும் பொருந்தாவிட்டால் வெட்டுங்கள்.
• ஒரு நாள் உலர விட்டீர்களா? மறுநாள் சத்தமாக வாசித்து, மேடுபள்ளத்தைச் சரிசெய்யுங்கள்.

இந்த நாளில் புள்ளி போடாதீர்கள். முடித்த கட்டுரையைச் சுத்தமாக எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டுங்கள். யாருடையது நீளம், யாருடையது அழகு என்ற பேச்சே வேண்டாம். முடிந்திருந்தால் சுவரில் இடம் உண்டு.

நமக்குப் பனி விழாது. ஆனால் ஆண்டு இறுதியில் வடகிழக்குப் பருவமழை இருக்கிறது. கிழக்குக்கரை மாநிலங்களில் நாள் கணக்கில் வீட்டைவிட்டு வெளியேற முடியாதபடி கொட்டும். விடுமுறைக்கு முன் மாணவர்களிடம் ஒரே ஒரு வீட்டுப்பாடம் கொடுங்கள். பாட்டி தொடங்கி வைத்த குரோஷா விரிப்பாக இருக்கலாம், தம்பி பாதியில் விட்ட காகிதக் கப்பலாக இருக்கலாம். வீட்டில் பாதியில் நிற்கும் ஒரு கைவேலையைத் தேடி, அதைத் தெரிந்தவரிடம் கேட்டு முடித்து, எப்படி முடித்தோம் என்று ஒரு பக்கம் எழுதி வரட்டும். கேட்கும்போது பாட்டியின் வாயிலிருந்து வருகிற சொற்களை அப்படியே குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அகராதியில் தேடினாலும் எளிதில் கிடைக்காத வினைச்சொற்கள் அவை. கேட்காவிட்டால் அந்த விரிப்போடு சேர்ந்து அவையும் எச்சமாகவே நின்றுவிடும்.